அடக்குதல்: ஒரு தமிழ்ச் சொல்லும் பல ஆங்கிலச் சொற்களும்

தமிழில் ‘அடக்கு’ என்னும் வினைச்சொல் பெரும் சுமையைத் தாங்கி நிற்கிறது. சாதகன் புலன்களை அடக்குகிறான். பொறுமையுள்ளவன் கோபத்தை அடக்குகிறான். வகுப்பில் மாணவன் சிரிப்பை அடக்குகிறான். காவல்துறை கலவரத்தை அடக்குகிறது. வீரன் காளையை அடக்குகிறான். இறந்தவரின் உடலை அடக்கம் செய்வதும் இதே வேர்ச்சொல்லால்தான். கேட்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்வதால் தமிழில் எந்த இடர்ப்பாடும் இல்லை.

ஆங்கிலம் இவ்வேலைகளைப் பல சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. கண்ட்ரோல், ரெஸ்ட்ரெயின், ஸப்ரெஸ், ரிப்ரெஸ், இன்ஹிபிட் என்று அவற்றின் வரிசை நீள்கிறது. பள்ளி அகராதியைப் புரட்டினால் இவை யாவற்றிற்கும் எதிரே ‘அடக்கு’, ‘கட்டுப்படுத்து’ என்ற இரண்டு சொற்களே மாறி மாறி நிற்கும். ஆனால் உளவியல் நூல்களில் இவற்றுள் ஒன்று நலத்தின் அறிகுறி, மற்றொன்று நோயின் காரணம். வேலை நிமித்தம் புனேயிலோ குருகிராமிலோ தங்கியிருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். அவர் தினமும் ஜபமும் தியானமும் செய்பவர். உறக்கம் கெட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் செல்கிறார். தம் சாதனையைப் பற்றிச் சொல்ல விரும்பி, ‘ஐ ஸப்ரெஸ் மை மைண்ட் எவ்ரி டே’ என்கிறார். ‘மனத்தை அடக்கப் பழகி வருகிறேன்’ என்பது அவர் கருத்து. ஆலோசகர் காதில் விழுவதோ, ‘நான் என் உணர்ச்சிகளை நாள்தோறும் உள்ளே அமுக்கி வைக்கிறேன்’ என்பது. இனி உரையாடல் தவறான பாதையில் போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆங்கில ஆன்மிக நூல் ஒன்றில் ‘கண்ட்ரோல்’ என்பதைப் படித்துவிட்டு, அது ‘ஸப்ரெஸ்’தான் என்று எண்ணி, எழும் எண்ணங்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்க முயன்று சோர்ந்துபோகும் சாதகர்கள் சிலர் அல்லர். ஆகவே இச்சொற்களைப் பிரித்தறிவது வெறும் மொழிப் பயிற்சி மட்டும் அன்று.

முதலில் ‘கண்ட்ரோல்’. இது போர்க்களத்திலிருந்தோ சிறைச்சாலையிலிருந்தோ வந்த சொல் அன்று. கணக்குப்பிள்ளையின் மேசையிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வரவு செலவுக் கணக்கைத் தோல்சுருளில் எழுதுவார்கள். அதைச் சரிபார்க்க வேறொருவர் கையில் மறுசுருள் ஒன்று இருக்கும். அந்த எதிர்ச்சுருளுக்கு வழங்கிய பழைய பிரெஞ்சுச் சொல்லே ‘கண்ட்ரோல்’ ஆயிற்று. அரசு அலுவலகங்களில் இன்றும் ‘கண்ட்ரோலர்’ என்ற பதவிப் பெயர் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். இப்பின்னணியில் ‘செல்ஃப் கண்ட்ரோல்’ என்பதைப் பார்த்தால் அதன் முகமே மாறுகிறது. தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்வது, எண்ணமும் சொல்லும் செயலும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பது என்னும் பொருள் அதன் அடியில் கிடக்கிறது. இதில் அழுத்தத்தைவிட விழிப்பே மிகுதி.

இச்சொல்லைக் கையாளும் முறையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ‘செல்ஃப் கண்ட்ரோல்’ என்பதோடு சேரும் வினைகள் குறிப்பிட்டவை. அதை ‘எக்ஸர்ஸைஸ்’ செய்யலாம், அதாவது செயல்படுத்தலாம். ‘லூஸ்’ செய்யலாம், அதாவது இழக்கலாம். ‘ரீகெயின்’ செய்யலாம், அதாவது மீட்கலாம். ‘டூ செல்ஃப் கண்ட்ரோல்’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. மற்றொன்று, நம் நாட்டில் பரவலாகக் கேட்கும் ‘ஐ குட் நாட் கண்ட்ரோல்’ என்ற அரைகுறை வாக்கியம். ஆங்கிலத்தில் இவ்வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். ‘ஐ குட் நாட் கண்ட்ரோல் மைசெல்ஃப்’ என்றோ, ‘மை ஆங்கர்’ என்றோ முடித்தால்தான் வாக்கியம் நிறைவு பெறும். எதைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்று சொல்லியாக வேண்டிய இந்தக் கட்டாயம் நல்லதுதான். பல நேரங்களில் அதைச் சொல்லிப் பார்க்கும்போதுதான் தமக்கே அது தெரிகிறது.

‘ரெஸ்ட்ரெயின்’ என்பது இழுத்துப் பிடித்தல். ‘செல்ஃப் ரெஸ்ட்ரெயின்ட்’ என்ற தொடருக்கு இந்திய எழுத்தில் தனி மதிப்பு உண்டு. காந்தியடிகளின் கட்டுரைகள் 1927-இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தபோது தலைப்பிலேயே இத்தொடர் இடம்பெற்றது. அதற்கு எதிராக நின்ற சொல் ‘செல்ஃப் இண்டல்ஜன்ஸ்’, அதாவது தன்னைத் தன் விருப்பத்திற்கெல்லாம் விட்டுக்கொடுத்தல். அதற்கு முன்பே 1886-இல் ஜி. யு. போப் திருக்குறளை ஆங்கிலமாக்கியபோது ‘அடக்கமுடைமை’ அதிகாரத்திற்கு ‘செல்ஃப் ரெஸ்ட்ரெயின்ட்’ என்ற தொடரையே எடுத்துக்கொண்டார். பிழை என்று கூற இயலாது. ஆனால் தமிழில் ‘அடக்கமானவர்’ என்றால் பணிவும் அதில் கலந்திருக்கிறது. ஆங்கிலத் தொடரில் பணிவு இல்லை. அதற்கு ‘மாடஸ்டி’, ‘ஹ்யுமிலிட்டி’ என்று வேறு சொற்களைத் தேட வேண்டும். ‘ஹீ இஸ் எ மேன் ஆஃப் ரெஸ்ட்ரெயின்ட்’ என்று சொன்னால், அவர் அளந்து பேசுபவர் என்பது விளங்கும். தலைக்கனம் இல்லாதவர் என்பது விளங்காது.

இதன் அருகிலேயே நிற்கும் ‘ரெஃப்ரெயின்’ என்ற சொல்லைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் பிறரையோ தம்மையோ ‘ரெஸ்ட்ரெயின்’ செய்யலாம். ‘ரெஃப்ரெயின்’ என்பதோ தானே விலகியிருத்தல். அதற்குப் பின் ‘ஃப்ரம்’ வரும். ‘ஹீ ரெஃப்ரெயின்ட் ஃப்ரம் ஆன்ஸரிங்’ என்றால், பதில் சொல்லாமல் இருந்துவிட்டார் என்பது பொருள். இதன் லத்தீன் மூலத்தில் ஒரு குதிரை நிற்கிறது: ‘ஃப்ரேனும்’ என்றால் கடிவாளம். கடிவாளத்தைப் பின்னிழுப்பதே ‘ரெஃப்ரெயின்’. (பாட்டின் பல்லவியைக் குறிக்கும் ‘ரெஃப்ரெயின்’ வேறு மூலத்திலிருந்து வந்து இதே எழுத்துக்கூட்டில் முடிந்தது, இரண்டையும் முடிச்சுப்போட வேண்டியதில்லை.)

கடோபநிஷதத்தைப் பயின்றவர்க்கு இந்த இடம் தாய்வீடு போன்றது. உடல் தேர், புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள் என்ற உருவகம் அங்கே விரிகிறது. கிரேக்க நாட்டில் பிளேட்டோவும் தம் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் இரண்டு குதிரைகள் பூட்டிய தேரைக் காட்டினார். ஒன்று பணிவது, மற்றொன்று முரண்டு பிடிப்பது. அப்படிப்பட்ட மரபுகளின் நீண்ட நிழலில் ஆங்கிலமும் வாழ்கிறது. கடிவாள வாருக்கு ஆங்கிலத்தில் ‘ரெயின்’ என்று பெயர். மழையையும் ஆட்சியையும் குறிக்கும் சொற்களும் காதுக்கு இதே ஒலிதான் என்பதால் எழுத்தில் எச்சரிக்கை தேவை. ‘ரெயின் இன் ஒன்’ஸ் டிஸையர்ஸ்’ என்றால் ஆசைகளின் வாரை இழுத்துப் பிடித்தல். ‘கீப் எ டைட் ரெயின்’ என்றால் தளரவிடாமல் நடத்துதல். ‘கிவ் ஃப்ரீ ரெயின்’ என்றால் வாரைத் தளர்த்திப் போகிறபடி விட்டுவிடுதல். இம்மூன்று தொடர்களையும் கற்றுக்கொள்பவர் ஒன்றைக் கவனிப்பார்: எதிலும் குதிரையைக் கொல்லும் பேச்சே இல்லை. குதிரை இல்லாவிட்டால் தேர் நகராது என்பது உபநிஷத ரிஷிக்கும் தெரியும், குதிரைக்காரனுக்கும் தெரியும்.

இனி, மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய இரண்டு சொற்கள்: ‘ஸப்ரெஷன்’, ‘ரிப்ரெஷன்’. அன்றாட ஆங்கிலத்தில் இவை ஏறக்குறைய ஒன்றே. உளப்பகுப்பாய்வில் இவற்றுக்கிடையே ஒரு சுவர் உண்டு. ஒருவர் தெரிந்தே ஓர் எண்ணத்தையோ உணர்ச்சியையோ ஒதுக்கி வைத்தால் அது ‘ஸப்ரெஷன்’. தேர்வு நாளில் வீட்டுக் கவலையைத் தள்ளிவைக்கும் மாணவன் செய்வது அதைத்தான்; அதில் தீங்கில்லை. தாங்க முடியாத ஒன்று தமக்கே தெரியாமல் மனத்தின் அடித்தளத்துக்குத் தள்ளப்பட்டால் அது ‘ரிப்ரெஷன்’. ஆகவே கலைச்சொல்லின் கண்டிப்பான பொருளில், ‘ஐ ஆம் ரிப்ரெஸிங் மை ஆங்கர்’ என்று எவரும் தம்மைப் பற்றிச் சொல்ல இயலாது. தெரிந்துவிட்டால் அது ரிப்ரெஷன் ஆகாது. தமிழில் முதலாவதை ‘ஒதுக்கிவைத்தல்’ என்றும், இரண்டாவதை ‘அமிழ்ந்துபோதல்’ அல்லது ‘நனவிலிக்குள் ஒடுக்கப்படுதல்’ என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும். இரண்டையும் ‘அடக்குதல்’ என்று எழுதிய மொழிபெயர்ப்புகளால் ‘புலனடக்கம் நோய் தரும் என்று ஃப்ராய்டு நிரூபித்துவிட்டார்’ என்ற பேச்சு பரவியது. அவர் பேசிய பொருள் வேறு.

இந்தச் சொல்லுக்கும் கல்கத்தாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மருத்துவரான கிரீந்திரசேகர் போஸ் 1921-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூலின் பொருளே ‘ரிப்ரெஷன்’ பற்றிய கருத்துத்தான். அதன் பிரதி வியன்னாவுக்குச் சென்றது. ஃப்ராய்டுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவர் தலைமையில் தோன்றியது. போஸ் ஃப்ராய்டை அப்படியே ஒப்புக்கொண்டவர் அல்லர். தம் நோயாளிகளிடம் கண்டவற்றைக் கொண்டு வாதிட்டார். 1931-இல் ஃப்ராய்டின் 75-ஆம் பிறந்தநாளையொட்டி அச்சங்கம் அவருக்கு அனுப்பிய பரிசு, தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை.

ஃப்ராய்டின் சொற்களுள் பயில்வோர் எளிதில் மறக்காதது ‘ஸப்ளிமேஷன்’. இது வேதியியலிலிருந்து வந்தது. திடப்பொருள் நீர்மமாகாமல் நேரே ஆவியாவதற்கு அப்பெயர். பூஜையறையில் திறந்து வைத்த கற்பூரம் சில நாள்களில் கரைந்த தடமே இல்லாமல் காற்றில் மறைந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது ‘ஸப்ளைம்’ ஆகிவிட்டது. உளவியலில், கீழ்நிலை உந்துதலின் ஆற்றல் கலை, அறிவு, தொண்டு போன்ற உயர்ந்த வழியில் உருமாறுவதை இச்சொல் குறிக்கிறது. யோக நூல்கள் ‘ஓஜஸ்’ என்று பேசுவதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே திசையை நோக்குகின்றன என்று சொல்லலாம். ஒரே பொருள் என்று எழுதிவிடக் கூடாது. ஓஜஸின் பின்னால் பிரம்மசரியம் பற்றிய முழுமையான ஒரு தத்துவம் இருக்கிறது. ஃப்ராய்டிடம் அது இல்லை.

‘ஈகோ’வில்தான் பெரும் விபத்து நேர்கிறது. தமிழ்ப் பேச்சில் ‘அவருக்கு ஈகோ’ என்றால் தற்பெருமை. வேதாந்த நூல்களின் ஆங்கிலத்தில் ‘ஈகோ’ என்றால் அகங்காரம், விட வேண்டியது. உளப்பகுப்பாய்வில் ‘ஈகோ’ என்பதோ உந்துதல்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே நின்று சமன் செய்யும் பகுதி, வலுப்பெற வேண்டியது. அங்கே கட்டுப்படுத்துபவனே ஈகோதான்! ‘ஹிஸ் ஈகோ இஸ் வீக்’ என்று ஒரு மருத்துவர் எழுதினால், அவர் அகங்காரம் குறைந்த மகான் என்று நற்சான்று தரவில்லை. உந்துதல்களைத் தாங்கும் வலு அவரிடம் போதவில்லை என்கிறார். இக்குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பங்குண்டு. ஃப்ராய்டு 1923-இல் எழுதியது ‘இஷ்’ என்ற எளிய ஜெர்மன் சொல். குழந்தையும் சொல்லும் ‘நான்’. 1927-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது லத்தீன் உடையணிந்து ‘ஈகோ’ ஆயிற்று. லத்தீனிலும் அதற்கு ‘நான்’ என்றுதான் பொருள். வடமொழி ‘அஹம்’ அதன் உறவுச்சொல். ஆனால் இலத்தீன் அறியாத வாசகனுக்கு அது ஏதோ ஓர் உறுப்பின் பெயர்போல ஒலித்தது. புரூனோ பெட்டல்ஹெய்ம் 1980-களில் இதைச் சுட்டிக்காட்டி ஒரு நூலே எழுதினார்: ஃப்ராய்டு ஆன்மாவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை வைத்த இடங்களில் ஆங்கிலம் ‘மைண்ட்’ என்று மாற்றிவிட்டது என்பது அவரது மனக்குறைகளுள் ஒன்று. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் அந்நூலைப் படிக்கும்போது சற்றே கூசத்தான் வேண்டும்.

கோபத்தைப் பற்றிப் பேசும் ஆங்கிலத்தில் ‘டெம்பர்’ தவிர்க்க இயலாதது. வேரில் இதற்குப் பொருள், அளவாகக் கலத்தல். எஃகைப் பதப்படுத்துவதும் ‘டெம்பரிங்’. நம் சமையல் நூல்களின் ஆங்கிலத்தில் தாளிப்பதும் ‘டெம்பரிங்’! ஆகவே ‘லூஸ் ஒன்’ஸ் டெம்பர்’ என்பதன் அடிப்பொருள், மனத்தின் பதம் தவறிப்போதல். ‘கீப் ஒன்’ஸ் டெம்பர்’ என்றால் கோபத்தை வைத்துக்கொண்டிருத்தல் அன்று. பதம் தவறாமல் இருத்தல். தமிழ் வழியே யோசிப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். இதோடு ‘ஹோல்ட் ஒன்’ஸ் டங்’ (நாவைக் காத்தல்), ‘கெட் கேரிட் அவே’ (உணர்ச்சி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுதல்), ‘புல் ஒன்செல்ஃப் டுகெதர்’ (சிதறிய தன்னை ஒன்றுசேர்த்துக்கொள்ளுதல்), ‘ஸ்லீப் ஆன் இட்’ (முடிவை மறுநாளுக்குத் தள்ளிவைத்தல்) ஆகியவற்றையும் பழகிக்கொள்ளலாம். ‘கிவ் இன்’, ‘கிவ் அப்’ இரண்டும் வேறு: ஆசைக்கு இணங்கிவிடுதல் முன்னது, பழக்கத்தை விட்டுவிடுதல் பின்னது. புகைப்பழக்கத்தை ‘கிவ் அப்’ செய்தவர் நண்பரின் வற்புறுத்தலுக்கு ‘கிவ் இன்’ செய்கிறார் என்றால், பாவம், கதை முடிந்தது.

இக்கால உளவியல் ஏடுகளில் அடிக்கடி வருபவை ‘வில்பவர்’, ‘இம்பல்ஸ்’, ‘டிலே ஆஃப் கிராட்டிஃபிகேஷன்’ ஆகியவை. ‘இம்பல்ஸ்’ உள்ளிருந்து தள்ளும் உந்துதல். மூன்றாவது, பெரிய நன்மைக்காகச் சிறிய இன்பத்தைத் தள்ளிப்போடுதல். 1960-களின் இறுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய சோதனையால் இத்தொடர் புகழ்பெற்றது. மழலையர் பள்ளிக் குழந்தையின் முன் ஓர் இனிப்பு வைக்கப்படும். ஆய்வாளர் திரும்பும்வரை உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் இனிப்பை உற்றுப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள். இதை ஆங்கிலத்தில் ‘டேக் ஒன்’ஸ் மைண்ட் ஆஃப் இட்’ என்பார்கள். மனத்தை அதிலிருந்து எடுத்துவிடுதல். யோக சாத்திரம் ‘பிரத்யாஹாரம்’ என்று கூறுவதன் மிக எளிய பாலபாடத்தை அக்குழந்தைகள் தாமே கண்டுகொண்டார்கள் என்று தோன்றுகிறது.

அச்சோதனையை வைத்து, காத்திருந்த குழந்தையே வாழ்வில் வெல்லும் என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை அன்று. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு செய்த மறுஆய்வில், பிற்காலக் கல்வியோடு இருந்த தொடர்பு முன்பு கண்டதில் பாதியளவே இருந்தது. குடும்பச் சூழல் முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதுவும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. முன்பே ஒரு முறை வாக்குத் தவறிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாகச் சுமார் 3 நிமிடமே காத்திருந்தார்கள். வாக்கைக் காத்தவரிடம் 12 நிமிடம். குழந்தைக்கு ‘செல்ஃப் கண்ட்ரோல்’ இல்லை என்று சொல்லும்முன், அதற்கு ‘டிரஸ்ட்’, அதாவது நம்பிக்கை, தரப்பட்டதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘வில்பவர்’ தசையைப் போலக் களைத்துப்போகும் என்ற கருத்தும் இப்படியே ஆட்டம் கண்டது. இனிப்பு ரொட்டிகளுக்கு நடுவே முள்ளங்கியை மட்டும் உண்ணுமாறு பணிக்கப்பட்டவர்கள் பின்னர் கடினமான புதிரை விரைவில் கைவிட்டார்கள் என்று 1998-இல் எழுதப்பட்டது. இக்களைப்பின் பெயர் ‘ஈகோ டிப்ளீஷன்’. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2000-க்கும் மேற்பட்டோரிடம் இக்கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனவே இத்தொடரை இன்று கையாள்பவர் ‘இட் வாஸ் ஒன்ஸ் பிலீவ்ட்’ என்று தொடங்குவது பாதுகாப்பானது.

சில சொற்களை விளையாட்டாகவும் ஆளக் கூடாது. ‘டென்ஷன்’, ‘டிப்ரெஷன்’ இரண்டும் இந்திய மொழிகள் அனைத்திலும் புகுந்துவிட்டன. ஒருநாள் மனச்சோர்வை ‘ஐ ஆம் டிப்ரெஸ்ட்’ என்பதைவிட ‘ஐ ஃபீல் லோ டுடே’ என்று சொல்வது சரி. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் ஆர்வமும் குன்றியிருப்பவருக்கு முன்னது பொருந்தலாம். அவரிடம் ‘கண்ட்ரோல் யுவர் மைண்ட்’ என்று அறிவுரை கூறுவது, கால் முறிந்தவனை எழுந்து நட என்பதற்கு ஒப்பாகும். அந்நிலையில் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: ‘அவனுக்குக் கோபம் வந்தது, அடக்கினான்.’ வாய்வரை வந்த சொல்லை விழுங்கினான் என்றால் ‘ஹீ ஹெல்ட் ஹிஸ் டங்’. ஓங்கிய கையை இறக்கினான் என்றால் ‘ஹீ ரெஸ்ட்ரெயின்ட் ஹிம்செல்ஃப்’. உள்ளே கொதித்துக்கொண்டே வெளியில் சிரித்தான் என்றால் ‘ஹீ ஸப்ரெஸ்ட் ஹிஸ் ஆங்கர்’. நிதானம் தவறவே இல்லை என்றால் ‘ஹீ கெப்ட் ஹிஸ் டெம்பர்’. எது நடந்தது என்பதை அறிந்த பிறகே எந்த வினை என்பதைத் தேர்ந்தெடுக்க இயலும்.

இனி, வாக்கியத்தில் கடைசி வினையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: ‘அவனுக்குக் கோபம் வந்தது, அடங்கிற்று.’ இங்கே அடக்கியவன் எவனும் இல்லை. ‘கண்ட்ரோல்’, ‘ரெஸ்ட்ரெயின்’, ‘ஸப்ரெஸ்’ ஆகிய மூன்றும் செய்பவன் ஒருவனைக் கேட்டு நிற்பவை. இந்த இடத்தில் மூன்றுமே பயன்படா. ரமணரின் உபதேசங்களில் ‘மனம் அடங்குதல்’ வரும் இடங்களில் ஆங்கிலத்தில் மிகுதியும் எடுத்தாளப்படும் சொல் ‘ஸப்ஸைட்’. வெள்ளம் வடிவதற்கும், காய்ச்சல் தணிவதற்கும், காற்று ஓய்ந்தபின் அலை தானே தாழ்வதற்கும் ஆங்கிலேயர் சொல்லும் சொல் அது.